யாறு, ஆறு, ஆற்று: ஒரு மூலத் திராவிடப் பெயர்ச்சொல்லின் பிறப்பும் உருபேற்பும்

நீரோட்டத்தைக் குறிக்கும் 'ஆறு' என்ற சொல்லின் பழந்தமிழ் வடிவம் 'யாறு'. சங்கப் பாடல்களில் 'கான்யாறு' என்றும் சிலப்பதிகாரத்தில் 'பேரியாறு' என்றும் அது வருகிறது. அதற்கும் முந்திய வடிவத்தை மொழியியலார் *யாறு என்று உடுக்குறியிட்டு எழுதுவார்கள். கல்வெட்டிலோ ஏட்டிலோ கிடைக்காமல், உறவு மொழிகளை ஒப்பிட்டு மட்டும் பெறப்பட்ட வடிவம் என்பதற்கு அந்த உடுக்குறி அடையாளம். சங்க கால யாறும் உடுக்குறி இட்ட *யாறும் எழுத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் மூல வடிவத்தின் றகரம் இன்று 'ஆறு' என்னும்போது நாக்கு உருட்டுகிற ஒலி அன்று. அது நுனிநாக்கு மேல்பல் ஈறுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி ஒட்டி விடுபடும் வல்லொலி. தமிழில் அந்த ஒலி எழுவாயில் மறைந்து, வேற்றுமை உருபேற்கும்போது வரும் 'ஆற்று' என்ற அடியில் தங்கியது. இந்தச் சொல்லின் பிறப்பை அறிய வேண்டுமானால் அதன் உருபேற்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் இந்தச் சொல்லுக்கு உள்ள இடம் தனி. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும் சுமார் 128 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நதியைக் கரையோர மக்கள் பேச்சில் பெயர் சொல்லிக் குறிப்பது குறைவு. அவர்களுக்கு அது வெறும் 'ஆறு'. குளிக்கப் போவது 'ஆத்துக்கு', துணி துவைப்பது 'ஆத்துல', நிற்பது 'ஆத்தங்கரையில'. வந்து சேரும் காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, சிற்றாறு ஆகியவற்றின் பெயர்களிலும் இச்சொல்லே ஈறாக நிற்கிறது. கடனாநதி, ராமநதி போன்றவை வடசொல்லை ஏற்றுக்கொண்டன. கழிமுகத்துக்கு அருகில் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஆத்தூரின் பெயரும் 'ஆற்றூர்' என்பதன் பேச்சு வடிவம்தான்.

ஒரு தாய் மகனிடம் பேசும் இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துக் கேட்கலாம். "ஏலே, ஆறுக்குள்ள வீட்டுக்கு வந்துரு." "ஏலே, ஆத்துக்குள்ள இறங்காத." முதல் வாக்கியத்தில் இருப்பது எண், ஆறு மணி. இரண்டாவதில் இருப்பது நதி. எழுவாயில் இரண்டும் ஒரே ஒலி, ஒரே எழுத்து. உருபு சேர்ந்த உடனே பிரிந்துவிடுகின்றன. எண் 'ஆறு' என்றே நிற்கிறது, நதி 'ஆத்து' ஆகிறது. பொதிகைக்கு மேற்கே மலையாளத்திலும் இதே பிரிவு உண்டு: 'ஆறில்' என்றால் ஆறு என்ற எண்ணில், 'ஆற்றில்' என்றால் நதியில். பள்ளிக்கூடம் பார்க்காதவர்கூட இதில் தவறுவதில்லை. எழுத்துக் கற்றுத் தெரிந்துகொண்ட விதி இல்லை இது. தாய்ப்பாலோடு வந்தது.

இரண்டு சொற்களும் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை என்பதற்குத் தெலுங்கு சாட்சி சொல்கிறது. தெலுங்கில் எண் 'ஆறு', நதி 'ஏறு'. எழுவாயிலேயே அவை வேறு. கோண்டி மொழியில் ஆறு என்ற எண்ணுக்குச் 'சாரூங்' என்ற சொல் இருப்பதால், எண்ணின் மூல வடிவம் சகரத்தில் தொடங்கியது என்று கொள்கிறார்கள். நதியின் மூல வடிவம் யகரத்தில் தொடங்கியது. எண் சகரத்தை இழந்தது, நதி யகரத்தை இழந்தது. இரண்டு இழப்புகளுக்குப் பிறகு தமிழில் இரண்டும் ஒரே உருவில் வந்து நின்றன.

யகரம் உண்மையிலேயே இருந்தது என்பதைத் தமிழ்ச் சான்றே காட்டுகிறது என்றாலும், அது பின்னால் ஒட்டிய உடம்படுமெய்யா, முதலிலிருந்தே உள்ளதா என்ற கேள்விக்கு விடை தமிழுக்கு வெளியே இருக்கிறது. தெலுங்குச் சொற்களை வரிசையாகப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். தமிழில் பழைய யாண்டு, இன்று ஆண்டு, தெலுங்கில் ஏடு. பழைய யாடு, இன்று ஆடு, தெலுங்கில் ஏட்ட. யானை, பேச்சில் ஆனை; தெலுங்கில் ஏனுகு. யான், பழந்தெலுங்கில் ஏனு. யாறு, தெலுங்கில் ஏறு. பழந்தமிழில் 'யா' என்று தொடங்கிய சொற்கள் தெலுங்கில் 'ஏ' என்று தொடங்குகின்றன. தமிழில் எப்போதும் 'ஆ' என்றே தொடங்கியவை தெலுங்கிலும் 'ஆ' என்றே நிற்கின்றன. மேய்கிற ஆடு தெலுங்கில் ஏட்ட. கூத்து ஆடு என்ற வினையோ தெலுங்கிலும் ஆடு. யகரம் தனக்குப் பின்னுள்ள ஆகாரத்தை நாக்கின் முன்பக்கம் இழுத்து ஏகாரமாக்கிவிட்டுத் தெலுங்கில் மறைந்தது. தமிழில் ஆகாரத்தைத் தொடாமல் மறைந்தது. கன்னடம் பெரும்பாலும் தமிழோடு நிற்கிறது: யானைக்கு 'ஆனெ', ஆட்டுக்கு 'ஆடு'. மூல மொழியின் முதலெழுத்து யகரத்தை இந்த வகையில் ஆராய்ந்து நிலைநாட்டியவர் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டி. பர்ரோ. 1940-களில் அவர் எழுதிய கட்டுரைத் தொடர் இன்றும் அடிப்படை. அவரும் எம். பி. எமனோவும் சேர்ந்து 1961-இல் வெளியிட்டு 1984-இல் திருத்திய திராவிட வேர்ச்சொல் அகராதி இத்தகைய சொற்குடும்பங்களை ஒரே இடத்தில் தொகுத்தது.

தொல்காப்பியம் இதே உண்மையை வேறு வழியில் பதிந்து வைத்திருக்கிறது. சொல்லின் முதலில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும் என்பது அதன் விதி. பிற உயிர்களோடு யகரம் சொல்முதலில் வராது. நன்னூலின் காலத்துக்குள் யவனர், யுகம், யூபம், யோகம், யௌவனம் போன்ற சொற்கள் புகுந்துவிட்டதால் அதன் ஆசிரியர் பவணந்தி அந்த விதியை விரிக்க வேண்டியதாயிற்று. தொல்காப்பியர் கண்ட நிலை பழையது. மூல மொழியின் யகரம் தமிழில் ஆகாரத்துக்கு முன் மட்டும் நெடுநாள் தங்கியிருந்தது, பிறகு அங்கிருந்தும் நழுவியது. நழுவலும் ஒரே சீராக நடக்கவில்லை. யார், யாது, யாவர் என்ற வினாச்சொற்கள் எழுத்தில் யகரத்தை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் 'ஆர்' என்றும் நெல்லைக் கிராமங்களில் 'ஆரு' என்றும் பேச்சு முந்திக்கொண்டது. பேரியாறு என்ற பழம்பெயரைச் சுமக்கும் கேரளத்தின் பெரியாறு, 'பெரிய ஆறு' என்று பிரித்துப் பார்க்கிறவர்களுக்கும் அந்தப் பழைய யகரத்தைக் காதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது றகரம். இந்தச் சொல்லின் வரலாற்றில் சுவையான பகுதி இதுதான். தமிழ் இலக்கணம் மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்து, றகரத்தைக் க, ச, ட, த, ப ஆகியவற்றோடு வல்லினத்தில் வைத்தது. ரகரத்தை இடையினத்தில் வைத்தது. இன்று 'ஆறு' என்பதில் உள்ள றகரத்தையும் 'பாரு' என்பதில் உள்ள ரகரத்தையும் நெல்லையில் பெரும்பாலோர் பேச்சில் வேறுபடுத்துவதில்லை. அப்படியிருக்க, ஒன்றை வல்லினம் என்றும் மற்றதை இடையினம் என்றும் ஏன் பிரித்தார்கள் என்று மாணவர்கள் குழம்புவது இயல்பு. தொல்காப்பியத்தின் பிறப்பியல் விடை தருகிறது. றகரமும் னகரமும் நுனிநா மேலெழுந்து அண்ணத்தை ஒற்றப் பிறக்கும் என்றும், ரகரமும் ழகரமும் அண்ணத்தை வருடப் பிறக்கும் என்றும் அது பிரிக்கிறது. ஒற்றுதல் என்றால் அழுத்தித் தொடுதல். வருடுதல் என்றால் தடவிச் செல்லுதல். இலக்கணி கேட்ட றகரம் அழுத்தித் தொட்ட ஒலி. உடுக்குறியிட்ட வடிவத்துக்குத் தேவையான ஒலியும் அதுவே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பிராமி எழுத்தைத் தமிழுக்கு ஏற்றவர்கள் ற, ன, ழ, ள ஆகியவற்றுக்கெனப் புது உருக்களைச் சேர்த்தார்கள். ற, ரகரத்தின் சாயலாக மட்டும் இருந்திருந்தால் தனி எழுத்தைத் தேடியிருக்க மாட்டார்கள். அத்தகைய தமிழி எழுத்தில் அமைந்த கல்வெட்டு ஒன்று, சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரிப் பக்கத்தில், மறுகால்தலைப் பாறையிலேயே இருக்கிறது.

தனி றகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவில் நெகிழ்ந்து உருண்டது. இரட்டித்த ற்ற நெகிழவில்லை. யாழ்ப்பாணத்தாரின் 'காற்று', 'சோற்றை' என்ற உச்சரிப்பிலும் மலையாளியின் 'ஆற்றில்' என்ற உச்சரிப்பிலும் அந்தப் பழைய வல்லொலி இன்றும் கேட்கிறது. பிற மொழிகள் அதற்கு வேறு வேறு வழி கண்டன. தமிழ்ப் புற்று, தெலுங்கில் புட்ட, கன்னடத்தில் ஹுத்த. தமிழ்ச் சுற்று, தெலுங்கில் சுட்டு, கன்னடத்தில் சுத்து. நாக்கு பின்னால் சென்றால் டகரம், முன்னால் வந்தால் தகரம். நெல்லைப் பேச்சு கன்னடத்தின் வழியிலேயே போயிருக்கிறது: புத்து, சுத்து, காத்து, ஆத்து. 'ஆத்துக்கு' என்று சொல்வது கொச்சை என்று கருதுவோர் உண்டு. ஆனால் 'ஆறு' என்ற எழுவாயைவிட அந்த 'ஆத்து' பழைய ஒலியின் தன்மையைக் கூடுதலாகக் காத்திருக்கிறது. இடம் சற்று முன்னால் நகர்ந்துவிட்டது. வல்லொலித் தன்மை மட்டும் போகவில்லை.

இனி உருபேற்பு. ஆறு என்பது எழுவாய். உருபு சேரும்போது அடி 'ஆற்று' ஆகிறது: ஆற்றை, ஆற்றால், ஆற்றுக்கு, ஆற்றின், ஆற்றில். நாடு, வீடு, காடு, சோறு, கிணறு, வயிறு எல்லாம் இப்படியே. நெடிலை அடுத்தோ, ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்களை அடுத்தோ டு, று என்று குறுகிய உகரத்தில் முடியும் பெயர்கள் பெரும்பாலும் தம் ஒற்றை இரட்டித்துக்கொள்ளும் என்பது தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் சொல்லி, நன்னூல் சுருக்கித் தரும் விதி. நடு, மறு போன்ற குறில் முதல் ஈரெழுத்துச் சொற்களில் ஈற்று உகரம் முழு உகரமாக நிற்பதால் அவை இரட்டுவதில்லை. நடுவில், மறுவை என்றே வரும். சிற்றாறு என்ற பெயரின் முன்பகுதியில் உள்ள இரட்டிப்பு இந்த விதியில் சேராது. அது 'சிறு' என்ற பண்புச்சொல் உயிருக்கு முன் தன் ஒற்றை இரட்டிய வேறு நிகழ்வு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பாடநூல்களில் அவ்வப்போது காணும் பிழை.

இந்த விதி தமிழுக்கு மட்டும் உரியதா, மூல மொழியிலிருந்து வந்ததா? இங்கும் தெலுங்குதான் தீர்ப்புச் சொல்கிறது. தெலுங்கில் 'ஏறு' என்ற எழுவாய், உருபேற்கும்போது 'ஏட்டி' ஆகிறது. (தெலுங்கு ஒலிப்பில் இதன் டகரம் ஒற்றையாகவும் வல்லொலியாகவும் நிற்கும்.) ஆற்றங்கரை அங்கே 'ஏட்டி கட்டு', ஆற்றுக்கு 'ஏட்டிகி', ஆற்றில் 'ஏட்டிலோ'. எழுவாயில் உருளும் றகரம், அடியில் வல்லொலி. தமிழ் ற்ற தெலுங்கில் ட்ட ஆகும் என்பதைப் புற்று–புட்ட காட்டியது. நெடிலுக்குப் பின் தெலுங்கு இரட்டை ஒற்றை ஒற்றையாக்கும் என்பதைத் தமிழ்ப் பாட்டு, ஆட்டம் ஆகியவற்றுக்கு நேரான தெலுங்குச் சொற்கள் ஒற்றை டகரத்தோடு நிற்பது காட்டுகிறது. இந்த இரண்டு விதிகளையும் வைத்துப் பின்னோக்கி நடந்தால் 'ஏட்டி' நேராக *யாற்று என்ற அடியில் போய் நிற்கும். தமிழ் நூறு–நூற்று, தெலுங்கு நூறு–நூட்ட என்ற இணையும் இதே தடத்தில் செல்கிறது. ஒரு மொழியில் தற்செயலாகத் தோன்றிய வழக்கம் இன்னொரு மொழியில் இதே சொற்களில் இதே நிலையில் தோன்றியிருக்க முடியாது. ஆகவே எழுவாய் *யாறு, அடி *யாற்று என்ற இணையே மூல மொழியிலிருந்து வந்த சொத்து.

இரட்டிப்பு எப்படி வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அவற்றுள் ஏற்கத்தக்கது, அங்கே பழைய சாரியை ஒன்று மறைந்திருக்கிறது என்பது. மரம் என்பது மரத்து ஆவதும் குளம் குளத்து ஆவதும் தகர ஒற்றுள்ள சாரியையால். அதே தகர ஒற்று *யாற் என்ற அடியோடு சேர்ந்தபோது முன்னிருந்த ஒலியோடு கலந்து ற்ற ஆகியிருக்கும். இதற்கு வினையிலிருந்து ஒப்புமை கிடைக்கிறது: பெறு என்பதோடு இறந்தகாலத் தகரம் சேர்ந்து பெற்ற ஆகிறது, விடு என்பதோடு சேர்ந்து விட்ட ஆகிறது. பெயரிலும் வினையிலும் ஒரே ஒலிக்கலப்பு நடந்திருக்கிறது என்று கொண்டால், ஆற்று என்பதும் மரத்து என்பதும் தோற்றத்தில் வேறாயினும் பிறப்பில் ஒன்றாகிவிடும். எளிய விளக்கம் இது.

திருநெல்வேலியில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டவர் ராபர்ட் கால்டுவெல். 1838-இல் சென்னைக்கு வந்து, 1841-இல் இடையன்குடிக்குப் போய், வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தத் தேரிக்காட்டுப் பனைகளுக்கு நடுவே கழித்தவர். தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்ற கருத்தை 1816-லேயே ஆங்கிலேய அதிகாரியான எல்லிஸ் சென்னையில் முன்வைத்திருந்தார். அதை ஒலி, எண், பெயர், வினை என்று உறுப்பு உறுப்பாக நிறுவிக் காட்டியது 1856-இல் வெளிவந்து 1875-இல் விரிவடைந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். எழுவாய் வேறு, உருபேற்கும் அடி வேறு, அடியை உண்டாக்குவது சாரியையும் ஒற்று இரட்டிப்பும், உருபு பின்னால் ஒட்டுவது என்ற அமைப்பை அவர் திராவிட மொழிகளின் பொதுப் பண்பாகக் கண்டார். இரட்டிப்பை ஓடு–ஓட்டு, மாறு–மாற்று என்ற வினைகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் அவர் தவறவில்லை. ஒலி விதிகளின் நுட்பம் பிற்காலத்தார் கையில்தான் முழுமை பெற்றது. பத்திரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-இல் வெளியிட்ட 'திராவிட மொழிகள்' என்ற பெருநூல் அந்தப் பணியின் ஒரு முடிவிடம். ஆனால் கிராமத்துப் பேச்சையும் இலக்கண நூலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கலாம் என்ற துணிவு இடையன்குடியில் பிறந்தது.

அடி மரபாக வந்தது என்றால் உருபுகளும் மரபாக வந்தவையா? எல்லாம் அப்படி அல்ல. குவ்வுருபு உறுதியான மரபுச் சொத்து. தமிழில் ஆற்றுக்கு, கன்னடத்தில் கெ, க்கெ, தெலுங்கில் கு, கி, கோண்டியில் வெறும் க். இந்தியாவின் நடுவிலும் கிழக்கிலும் பேசப்படும் உறவு மொழிகளிலும் அதே ககரம்தான். எனவே *யாற்றுக்கு என்ற வடிவத்தை ஓரளவு துணிவோடு எழுதலாம். இரண்டாம் வேற்றுமைக்கு அந்த உறுதி இல்லை. தமிழும் மலையாளமும் ஐகார வகையைக் காட்டுகின்றன, தெலுங்கும் கோண்டியும் னகர வகையைக் காட்டுகின்றன. மூல மொழியில் இரண்டும் இருந்திருக்கலாம். இட வேற்றுமையில் ஒற்றுமை சுத்தமாக இல்லை. தமிழின் இல், வீடு என்றும் இடம் என்றும் பொருள் தந்த தனிச்சொல். தெலுங்கின் லோ, உள் என்பதன் இனம். சங்கத் தமிழில் கண் என்ற சொல்லும் இதே வேலையைச் செய்தது. ஒவ்வொரு மொழியும் தன் கையில் இருந்த இடப்பெயர் ஒன்றை எடுத்து, ஏற்கெனவே இருந்த *யாற்று என்ற அடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. அடி பழையது, இட உருபு புதியது.

அடியின் மிகப் பழைய வேலை உருபைத் தாங்குவதே அன்று. உருபே இல்லாமல் உடைமைப் பொருளைத் தருவது. ஆற்றுநீர், ஆற்றுமணல், ஆற்றுமீன். தெலுங்கில் ஏட்டி நீரு, ஏட்டி கட்டு. இங்கே 'உடைய' என்று எதுவும் இல்லை. அடி தனியாக நின்றே அந்தப் பொருளைச் சொல்கிறது. இரண்டு மொழியும் இதில் ஒத்துப்போவதால் இதையும் மூல மொழிக்கே கொண்டுபோகலாம். ஆற்றின் என்ற இன் சேர்ந்த வடிவம் பின்னால் மிகுந்தது. நெல்லைப் பேச்சில் 'ஆத்துத்தண்ணி' என்பதை யாரும் 'ஆத்தின் தண்ணி' என்று சொல்வதில்லை.

ஆற்றங்கரை என்ற தொடர் தனியாக நிறுத்திப் பார்க்கத் தக்கது. ஆற்று என்ற அடிக்குப் பின் அம் என்ற சாரியை வந்து, மகரம் ககரத்துக்கு முன் ஙகரமாகி, கரையோடு சேர்கிறது. அடியில் ஏற்கெனவே ஒரு பழைய சாரியை கரைந்திருக்கிறது. அதன் மேல் இன்னொரு சாரியை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காலத்து இலக்கணம் ஒரே சொல்லில் அடுக்கியிருக்கிறது. இதைத் தலைப்பாக வைத்தே ஒரு நூல் உண்டு. தாமிரபரணிக் கரையில் இராசவல்லிபுரத்தில் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளை எழுதிய 'ஆற்றங்கரையினிலே'. ஆற்று, அம், கரை, இன், இல், ஏ என்று அந்தத் தலைப்பை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கலாம். 1946-இல் வந்த 'ஊரும் பேரும்' நூலில் ஊர்ப்பெயர்களை இலக்கியத்தோடும் கல்வெட்டோடும் சேர்த்து வாசித்த அவருக்கு அந்தப் பிரிப்பு அத்துப்படி.

பன்மையில் வேறு வரலாறு. தமிழில் ஆறுகள் என்போம், ஆற்றுகள் என்பதில்லை. கள் வேற்றுமை உருபு அன்று என்பதை ஒலியே காட்டிவிடுகிறது. அது எழுவாயோடு நேராகச் சேர்கிறது, அடியோடு சேர்வதில்லை. அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி கட்டாயம் இல்லாத பழைய நிலையில், ஆறு என்றாலே ஒன்றையும் பலவற்றையும் குறித்தது. தெலுங்கு லுகர விகுதியைச் சேர்த்து, றகரத்தை அதில் கரைத்து, ஏள்ளு என்றாக்கியது. 'செலயேறு' என்ற மலையருவிச் சொல்லின் பன்மை 'செலயேள்ளு' என்று வருவது இந்த முறையில்தான்.

பொருளும் ஓரிடத்தில் நகர்ந்திருக்கிறது. தமிழ், மலையாளம், தெலுங்கில் இச்சொல் ஓடும் நீரைக் குறிக்கிறது. கோண்டியில் 'யேர்', குயியில் 'ஏஜு', குவியில் 'ஏயு' என்பவை குடிக்கும் தண்ணீரைக் குறிக்கின்றன. கோதாவரிக்கு வடக்கே மலைக்காடுகளில் வாழும் மக்களுக்கு நீர் என்றால் ஓடைநீர்தான். குடம் நிரம்புவது அங்கேதான். இடத்தின் பெயர் அங்கிருந்து எடுத்துவரும் பொருளின் பெயரானது. மூல மொழிச் சொல்லின் இடைப்பட்ட றகரம் அந்த மொழிகளில் ரகரம், ஜகரம், யகரம் என்று வேறுபடுவதும் மூல ஒலி வெறும் ரகரம் அன்று என்பதற்கு மேலும் ஒரு சான்று. இங்கே வரிசைப்படுத்திய சான்றுகளின் கனம் தமிழ், மலையாளம், கன்னடம் அடங்கிய தென் கிளையிலிருந்தும் தெலுங்கு, கோண்டி, குயி, குவி அடங்கிய தென்-நடுக் கிளையிலிருந்தும் வருகிறது. உடுக்குறி இட்ட வடிவத்தை அந்த எல்லைக்குள் வைத்து வாசிப்பதே நேர்மை.

வழி என்ற பொருளில் வரும் ஆறு இதே சொல்லா? ஆற்றுப்படை என்பதில் ஆறு வழியைக் குறிக்கிறது, உருபேற்பும் நதியைப் போலவே 'ஆற்று' என்று அமைகிறது. ஓடும் நீர் தனக்கொரு வழியை வெட்டிச் செல்கிறது என்று எண்ணி இரண்டையும் இணைக்கும் ஆசை இயல்பானது. ஆனால் பர்ரோவும் எமனோவும் வழியைத் தனிப்பதிவாகவே வைத்தார்கள். பொருள் பொருந்துவது மட்டும் ஒரே வேருக்குப் போதிய சான்று ஆகாது. எண் ஆறும் நதி ஆறும் ஒலியில் ஒன்றாகியும் பிறப்பில் வேறாக இருப்பதே அதற்கு எச்சரிக்கை.

இந்த ஆய்வு முறை திராவிடத்துக்கு மட்டும் உரியதன்று. உடுக்குறி இடும் வழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் ஜெர்மானியரான அகுஸ்ட் ஷ்லைகர். சிலாவிய மொழிகளில் ஆற்றுக்கு உள்ள சொல்லே நல்ல ஒப்புமை. ரஷ்யனில் ரெகா, போலிஷில் ஜெக்கா, செர்பியனில் ரேகா. இவற்றிலிருந்து மூலச் சிலாவிய *ரேகா பெறப்படுகிறது, அது லத்தீன் ரீவுஸ் என்பதற்கு உறவு. மூலச் சிலாவியத்தில் இட வேற்றுமை உருபின் முன் அதன் ககரம் 'த்ஸ' போன்ற ஒலியாகத் திரிந்தது. போலிஷும் செக்கும் செர்பியனும் அந்தத் திரிபை இன்றுவரை வைத்திருக்கின்றன. ரஷ்யன் எழுவாயின் ககரத்தையே எல்லா வேற்றுமைக்கும் பரப்பி, திரிபை அழித்துவிட்டது. ரஷ்யனை மட்டும் பார்ப்பவருக்கு அப்படியொரு திரிபு இருந்ததே தெரியாது. எழுவாயின் வடிவம் பிற வேற்றுமைகளை விழுங்குவது உலக மொழிகளில் அடிக்கடி நடக்கும் நிகழ்வு.

தமிழில் அந்த விழுங்கல் நடக்கவில்லை. மாறாக, விதி புதிய சொற்களையும் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்திலிருந்து வந்த ரோடு, வந்த வேகத்தில் வீடு, காடு வரிசையில் சேர்ந்து ரோட்டுக்கு, ரோட்டுல, ரோட்டோரம் என்றானது. யாரும் கற்றுக்கொடுத்து அது நடக்கவில்லை. தாமிரபரணியின் மேல் 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தில் நின்று ஒருவர் "ரோட்டுலருந்து பாத்தா ஆத்துல தண்ணி தெரியுது" என்று சொன்னால், அந்த வாக்கியத்தில் ஆங்கிலத்திலிருந்து வந்த புதிய சொல்லும், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கியதாக 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிடும் மொழிக்குடும்பத்தின் சொல்லும் ஒரே விதிப்படி உருபேற்று அடுத்தடுத்து நிற்கின்றன.